பாக்குமட்டையில் பழுத்த ஆப்பிள்

"ஆடி 22. மலை ஆப்பிள் வரத்து ஆரம்பம்" என்று அப்பாவின் பழக்கடை நோட்டில் இருக்கிறது, எந்த வருடம் என்று எழுதவில்லை.

போன வாரம் கோத்தகிரி நாற்றுப்பண்ணைக்காரர், பாதி காய்ந்துபோன ஒரு மரத்தின் பழத்தை நீட்டினார். "மேட்டுப்பாளையத்துல உங்க கடையில வித்தது இதுதானுங்களே? ஆமான்னு சொல்லிப்போட்டீங்கன்னா மலை ஆப்பிள்ங்கிற அந்தப் பேருலயே ஒட்டுக்கன்னு கட்டிருவனுங்க." பச்சையில் லேசாகச் சிவப்பு ஓடிய பழம். நிறம் சரி. முகர்ந்தேன்; வாசம் சேரவில்லை.

கடை இருந்த நாளில், மலையிலிருந்து வரும்போது புளிக்கும் பழங்கள் என்பதால், அம்மா அவற்றைப் பாக்குமட்டைகளில் அடுக்கி, சாக்குப் போர்த்தி, காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பத்து நாள் கழித்தே விற்பார். பொறுக்காமல் வாங்கிப் போனவர்கள் மறுநாளே திரும்பி வருவார்கள்.

"ஏனுங்க அம்மணி, இது ஆப்பிளா, எலுமிச்சங்காயா?"

"பத்து நாள் பொறுங்கன்னு சொன்னனுங்களே. உங்க நாக்குக்குத்தான் அவசரம்."

அந்த மட்டையும் சாக்கும் பக்கத்துக் களத்தில் வேகும் பாக்கும் கலந்த துவர்ப்பு வாடையைத்தான் இத்தனை வருடம் ஆப்பிளின் வாசம் என்று நினைத்திருந்தேனா? பழத்தைத் தனியாக முகர்ந்த ஒரு நாளும் நினைவில் இல்லை.

பேர் போடாமல் ஒட்டுக்கட்டச் சொன்னேன், மரமாவது பிழைக்கட்டும்.

"பேரில்லாத கன்ன யாருங்க வாங்குவாங்க?" என்றார்.

எங்கள் கடைக்குப் பழம் வந்தது இந்த மரத்து இனத்திலிருந்துதானா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.