இடது தோளும் லெட்சுமி மிஸ்ஸியும்

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிரிவில் வேலை செய்பவன் நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்பது முதல் மாதத்திலேயே புரிந்துவிடும். அதே அறையில் இன்னொருவருக்கு மட்டும் அது மழையாகக் கொட்டினால்தான் கஷ்டம். ஏதோ ஓர் ஆபீசில் அப்படிப்பட்டவர் பக்கத்தில் நின்று வயிறெரியும் வாசகர்களே, நாம் ஒரே சாதி.

மலேசியாவில், எங்கள் மலாக்காவில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. ஆண் நர்ஸான என்னைப் பழைய தோட்டத்து ஆட்கள் டிரஸ்ஸர் என்பார்கள்.

முழு விளக்கம்

சோதனை முடிந்தவர்களுக்கு நான் எதையும் விடாமல் சொல்வேன். வயிற்று வலி பெரும்பாலும் உள்ளே செலுத்திய காற்றால்தான். அபூர்வமாகக் குடலில் ஓட்டை விழலாம். அதைவிட அபூர்வமாக மண்ணீரல் கிழியலாம், அப்போது இடது தோள்கூட வலிக்கும். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரி அக்கா ஒருவர் கடைசிவரை கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற என் சக நர்ஸ் லெட்சுமி மிஸ்ஸியை எட்டிப் பார்த்தார்.

"மிஸ்ஸி, இந்த டிரஸ்ஸர் பயங்காட்டுறாரு லா. நீங்க வந்து சொல்லுங்க."

ஒரே கேள்வி

லெட்சுமி மிஸ்ஸி கேட்பது ஒன்றுதான்: "காத்துப் போச்சா, அங்கிள்?" வெட்கமும் வலியும் சேர்ந்தே பறந்துவிடும். உம்பாய் மீன்கடைக்காரர் ஒருவர் இதற்காகவே ஒரு பை இறால் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். நானும் அங்கேதான் நின்றேன். எனக்கு ஏன் இல்லை என்பதற்கு அவரே விளக்கமும் கொடுத்தார்.

"டிரஸ்ஸர் படிச்ச மனுசன், கொலஸ்ட்ரால் பார்ப்பாரு."

தைலம்

குருபோங் ஊர்க்காரர் முனியாண்டி அங்கிள், முன்னாள் லாரி டிரைவர். சோதனைக்கு மறுநாள் அவர் மனைவி போன் செய்து லெட்சுமி மிஸ்ஸியைக் கேட்டார். மிஸ்ஸி லீவு என்றேன். நாளைக்குக் கூப்பிடுவதாகச் சொல்லி வைக்கப் போனார்.

என்ன விஷயம் என்று விடாமல் கேட்டேன். வயிறு வலிக்கிறதாம், காற்றுதானாம், தைலம் தேய்த்திருக்கிறாராம். எங்கே? வயிற்றில், இடது தோளிலும். எழுந்தால் தலை சுற்றுகிறதாம். உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுவாருங்கள், உள்ளே ரத்தம் கசியலாம் என்றேன். "தோள் வலிக்கு எமர்ஜென்சியா? நீங்க இப்படித்தான் பயங்காட்டுவீங்களாமே" என்றார். வேறு வழியில்லை. தோள் வலித்தால் உடனே வரச் சொல்லும்படி மிஸ்ஸிதான் சொல்லிவிட்டுப் போனார் என்று ஒரு பொய்யை விட்டேன்.

"மிஸ்ஸி சொன்னாங்களா? அத முதல்லயே சொல்றதுக்கென்ன!"

முறுக்கு

ஸ்கேனில் மண்ணீரல் கிழிசல் தெரிந்தது. ரத்தம் ஏற்றி, வார்டில் வைத்துப் பார்த்து, ஆபரேஷன் இல்லாமலே தேற்றினார்கள். வீட்டுக்குப் போகும்போது அங்கிள் எங்கள் பிரிவுக்கு வந்து, பெரிய முறுக்கு டின்னை லெட்சுமி மிஸ்ஸி கையில் வைத்துக் கும்பிட்டார். "தோள் வலியை வச்சே கண்டுபிடிச்சீங்களே, தாயி!" மிஸ்ஸி விழித்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கிள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"மிஸ்ஸிகிட்ட நீங்களும் கொஞ்சம் கத்துக்குங்க லா, டிரஸ்ஸர்."

கற்றுக்கொண்டேன்: இப்போதெல்லாம் என் எச்சரிக்கைகளை "மிஸ்ஸி சொல்லச் சொன்னார்" என்றுதான் தொடங்குகிறேன், எல்லோரும் கேட்கிறார்கள், முறுக்கு மட்டும் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை.