பத்தடி தெற்கே

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஊத்துக்குளிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் மானாவாரிக் காட்டில் பனியன் கம்பெனிக்காக அப்பா ஷெட் போட ஆரம்பித்தார். அஸ்திவாரம் தோண்டிய பொக்லைன் ஒரு மூலையில் பலகைக் கல்லைப் புரட்டியது. அடியில், நான் இறங்கி உட்காரும் அளவுக்கு அகலமான பானை வாய் ஒன்று தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். மண்ணுக்கு நடுவே எலும்புகள்.

அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. டிரைவரை உடனே மூடச் சொன்னார். "வெளிய தெரிஞ்சா கவர்மெண்டுக்காரங்க வந்து காட்டைச் சுத்திக் கயிறு கட்டிப்போடுவாங்க. அப்பறம் எங்க ஷெட்டு போடறது?"

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "எந்தக் காலத்து மனுசரோ. அவிய மேல மெசினை ஓட்டறதுங்களா?"

அப்பா என் பக்கம் திரும்பி, "யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்றார்.

நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் டீச்சர் ஒரு தாழியின் படத்தைக் காட்டி, பழங்காலத்தில் இறந்தவர்களை இதில் வைத்துப் புதைப்பார்கள் என்றார். "எங்க காட்டுலயும் இருக்குதுங்க டீச்சர்!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என்னால்தான் காடு கையைவிட்டுப் போகப்போகிறது என்று நடுங்கினேன். சனிக்கிழமை, டீச்சருக்குத் தெரிந்த கல்லூரி வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புள்ள சும்மா சொல்லியிருக்கும்" என்றார் அப்பா.

வந்தவர் என் முன் குனிந்தார். "பானையப் பாத்தியா கண்ணு?"

அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. பொய் சொன்னேனுங்க."

அவர் தலையசைத்துவிட்டு, தோண்டிப் போட்ட மண்மேட்டருகே போய் நின்றார். கறுப்பும் சிவப்புமான பானை ஓட்டுச்சில் ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்து, அப்பாவின் கையில் வைத்தார். "இந்த மூலைல மழைத்தண்ணி நிக்குமுங்க. ஷெட்டைப் பத்தடி தெக்கால தள்ளிப் போட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

அப்பா நிமிராமலே "சரிங்க" என்றார். ஷெட்டும் அப்படியே தள்ளித்தான் எழுந்தது.

பானையைத் தேடி வந்தவர் ஏன் மழைத்தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார், அந்த இரண்டு பேர் யார் யார் என்றெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை. என் பொய்யை அவர் நம்பிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டேன்.