“மாலாஸ்” என்று சொல்லிவிட்டேன்

காலை பத்து மணி இடைவேளையில் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வலது கைக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த பெண், “அலமாக்! அக்கா, உங்க வாய் ஏன் ஒரு பக்கமா போவுது?” என்று கத்தினாள்.

செனாய் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளை வைத்து, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, அந்தப் பகுதி செத்துப்போவது) என்றார்கள். இடது பக்க மூளையில் அடைப்பு. எனக்கு வயது நாற்பத்தாறு. மூன்று மாதத்தில் கை திரும்பியது, நடை திரும்பியது, வாய் நேரானது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “நல்லாயிட்டீங்களே!” என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இதே நிலையில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீட்டிலிருப்பவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த அயர்ச்சி தூக்கக் கலக்கம் இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. சட்னிக்குத் தேங்காய் எடுப்பேன், மிளகாய் எடுப்பேன், அடுத்தது என்ன என்று யோசிப்பதற்குள் சுவிட்சை அணைத்தது போல ஆகிவிடும். மதியத்துக்கு மேல் டிவி சத்தம்கூடத் தாங்காது.

என் கணவர் சேகர் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார். கெட்டவர் இல்லை. என்னைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவர். ஆனால் அவரே, “ஸ்கேன்ல புதுசா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல? கொஞ்சம் எழுந்து நடந்து பாரு லா, சரியாப் போயிடும்,” என்றார்.

வேலைக்குத் திரும்பும் நேரம் வந்தபோது, அரை நாள் வேலை கேட்டேன். தொழிற்சாலை என்னைத் தன் கிளினிக் டாக்டரிடம் அனுப்பியது. மதியத்துக்கு மேல் ஏன் வேலை செய்ய முடியாது என்று அவர் மலாயில் கேட்டார். கண் கணினியில் இருந்தது.

“சாயா மாலாஸ், டாக்டர்,” என்றேன்.

எங்கள் வீட்டுத் தமிழில் உடம்பு எழும்பவில்லை என்றால் “மாலாஸா இருக்கு” என்போம். மலாயில் “சாயா மாலாஸ்” என்றால் “நான் சோம்பேறி” என்று அர்த்தம். நான் சொல்ல வந்தது “பெனாட்”, அதாவது களைப்பு. பள்ளிக்கூட நாளிலிருந்து மலாய் பேசுகிறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? காலையில் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது மதியம் மூன்று மணிக்கு.

சோம்பலாக இருப்பதாக ஊழியரே ஒப்புக்கொள்கிறார், முழுநேர வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் முழு வேலைக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா என்று தொழிற்சாலை அந்தக் குறிப்போடு கடிதம் கொடுத்தது. சேகர் கடிதத்தைப் படித்துச் சிரித்தார். “நீயே வாயால சொல்லிட்டு வந்திருக்கியே!”

அரசு மருத்துவமனையில் என்னைப் பார்த்துவந்த மறுவாழ்வு டாக்டர் (இழந்த திறன்களை மீட்கப் பயிற்சி தருபவர்) ஒரு தமிழ்ப் பெண். கடிதத்தைப் படித்தவர், சேகரையும் அறையில் உட்காரவைத்தார். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். ஒரு தப்பும் இல்லை. கணக்கு, எழுத்து என்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அதே படங்களைத் திரும்பக் காட்டினார். குடையை “மழை” என்றேன். சாவியைப் பார்த்து வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

“பாத்தீங்களா, சார்? அரை மணி நேரத்துல இவங்க சோம்பேறி ஆயிடல,” என்றார் டாக்டர். “இது பக்கவாதத்துக்கு அப்புறம் வர்ற அயர்ச்சி. செத்துப்போன இடத்தோட வேலையையும் மத்த இடம் சேத்துச் செய்யுது போல. முழுக் காரணம் எங்களுக்கே தெரியல. ஆனா இருக்கு.”

சேகர் அந்தச் சாவிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கொடுத்த கடிதத்தோடு தொழிற்சாலைக்குப் போனேன். சந்திப்பைக் காலை எட்டு மணிக்கே கேட்டு வாங்கியிருந்தேன். மனிதவள அதிகாரியும் தமிழ்ப் பெண்தான்.

“லெட்டர் சரி. ஆனா அன்னைக்கு நீங்களே மாலாஸ்னு சொல்லிருக்கீங்களே?”

“மேடம், உங்க வீட்டுல உடம்புக்கு முடியலன்னா என்ன சொல்லுவீங்க?”

பேனாவை மூடினார். “மாலாஸா இருக்குன்னுதான்,” என்றார் மெதுவாக.

தினம் நான்கு மணி நேர வேலை கிடைத்தது. சோதனை மேசை போய்விட்டது. இப்போது பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிறேன். அதிர்ஷ்டக்காரி என்கிறார்கள். மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்த கண் இது. இதில் என்ன அதிர்ஷ்டம்? உங்களுக்கு ஒன்று சொல்வேன்: டாக்டரைக் காலையில் பாருங்கள். சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டு போங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் வந்தார். நான் உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தேன். “வசந்தி எங்க?” என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

“மணி ஒண்ணு ஆயிடுச்சுல்ல,” என்றார் சேகர், குரலைத் தாழ்த்தி. “இனிமே நாளைக்குத்தான். இப்ப அவ இல்ல.”

நல்ல மனதோடுதான் சொன்னார். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. கோபம் வந்தது, பேச்சு வரவில்லை. கோபத்தை வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். நாத்தனார் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, சேகர் காலில் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றேன்.

“நேத்து மத்தியானம் நான் இருந்தேன்,” என்றேன்.