இடத்து மாட்டுக்கு ருஷ்ய மொழி

உலகச் சண்டைக்குப் போய்த் திரும்பியவர்கள் அந்த நாளில் ஆளுக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். கம்பளி, டார்ச் விளக்கு, கைக்கடிகாரம் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. என் சித்தப்பாவின் தகரப் பெட்டியை வீட்டு நடுவில் வைத்துத் திறந்தபோது மேலே காக்கிச் சட்டைகளும் அடியில் இரண்டு புத்தகங்களும் இருந்தன. பெரியப்பா சட்டைகளை எடுத்து உதறிப் பார்த்தார். புத்தகங்களையும் உதறிப் பார்த்தார். எதுவும் விழவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாங்ணா" என்று சித்தப்பா புத்தகங்களை வாங்கித் துண்டால் துடைத்து வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம், காவிரி வாய்க்கால் பாய்கிற பூமி. கொடிக்காலும் வெற்றிலையும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. பெரியப்பா மூத்தவர், வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். அப்பா நடுவிலானவர், அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ளும்போது குறுக்கே போகாமலிருப்பதைத் தம் கடமையாக வைத்திருந்தார். சித்தப்பா கடைசி. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். முதலில் பாலஸ்தீனத்தில் இருந்தார். அங்கே லாரிப் பட்டறையில் வேலை செய்த யூதர்களோடு பழகி எபிரேய மொழி பேசக் கற்றுக்கொண்டார். பிறகு பாரசீகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மலைப்பாதையில் சரக்கு கொண்டுபோய் ருஷ்யாக்காரர்களிடம் ஒப்படைக்கிற வேலை. அவர்கள் ரொட்டியும் தேநீரும் கொடுத்து வாய் ஓயாமல் பேசுவார்களாம். பதிலுக்கு இவர் சிரிக்க மட்டும்தான் முடியுமாம். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போய், ருஷ்ய மொழி வகுப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார். லாரி ஓட்டுகிறவனுக்குக் கையும் காலும் போதும், நாக்கு எதற்கு என்று அந்த ஆள் கேட்க, கூட நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டனுங்க அண்ணி. அவன் சிரிச்ச சிரிப்புக்காச்சும் படிச்சே தீருவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

சண்டை முடிந்தது, அதிகாரி சீமைக்குப் போய்விட்டார். சித்தப்பா மட்டும் படிப்பை விடவில்லை. விடிகாலையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ருஷ்யப் புத்தகம் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுப்பது. அவருக்கு ஆங்கிலமே அரைகுறை. எபிரேயப் புத்தகம் குழந்தைகளுக்கானது; எழுத்துக்கு அடியில் உச்சரிப்புக்கான புள்ளிகள் இருக்கும். பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில் அந்தப் புள்ளிகள் இருக்காதாம். பெட்டியின் அடியில் போட்டுவந்த பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, புள்ளி இல்லாமல் படித்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுவார். வலமிருந்து இடமாக அவர் விரல் நகர்வதைப் பார்த்த அம்மா, பாவம், சண்டையில் ஏதோ பயந்துவிட்டிருக்கிறார் என்று முதலில் நினைத்தாள்.

அவர் பெரிய மேதை இல்லை. இன்று படித்தது நாளை மறந்துபோகும். சில நாள் புத்தகத்தைப் பெட்டியில் எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார். ஒருமுறை சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தவரிடம் அம்மா என்னவென்று கேட்டாள்.

"ருஷ்ய பாஷையில ஒரு சொல்லுக்கு ஆறு வாலுங்க அண்ணி. எங்க எந்த வால ஒட்டறதுன்னே தெரியல."

"நாம மட்டும் என்னவாம்? மாடு, மாட்டெ, மாட்டுக்கு, மாட்டோடன்னு சொல்றமில்ல? சோத்தத் தின்னுங்க தம்பி."

சித்தப்பா தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அப்புறம் சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே, "மாட்டோட, மாட்டுல" என்று முணுமுணுத்தார். மறுநாள் விடியலில் மறுபடி கிணற்றடியில் சத்தம் கேட்டது.

ஆனால் பேசிப் பழக ஆள் வேண்டுமே. வேலூரிலிருந்து நாமக்கல் வரைக்கும் தேடினாலும் ருஷ்யாக்காரனுக்கு எங்கே போவது? அந்தச் சமயம் பழைய ஜோடி மாட்டை விற்றுவிட்டு, பெரியப்பா ஒரு ஜோடி இளங்காளை வாங்கிவந்து, பழக்கும் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுத்திருந்தார். சித்தப்பா யோசித்தார். இடத்து மாட்டோடு ருஷ்ய மொழியிலும் வலத்து மாட்டோடு எபிரேய மொழியிலும் பேச ஆரம்பித்தார். நட என்பதற்கு இடத்து மாட்டுக்கு "பஷோல்", வலத்து மாட்டுக்கு "கதீமா". தண்ணீர் காட்டும்போதும் தேய்த்துக் குளிப்பாட்டும்போதும் இரண்டோடும் ஓயாத பேச்சுத்தான். உழவுக்குப் போனால் நான் வரப்பில் உட்கார்ந்து, எந்தச் சொல்லுக்கு எந்த மாடு காதைத் திருப்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவை ஒருநாளும் குழம்பியதில்லை. நான்தான் குழம்புவேன்.

இப்படியிருக்கும்போது திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வந்தார்கள். நல்ல பூமி, நல்ல மனிதர்கள். பெரியப்பா எத்தனையோ பேரிடம் சொல்லிவைத்து அமைந்த இடம். அவர்கள் வந்த நேரம் மாப்பிள்ளை உழவில் இருந்தார். நேரில் பார்த்துவிடலாம் என்று பெண்ணின் தகப்பனார் பெரியப்பாவோடு வயலுக்கே நடந்துவிட்டார். சித்தப்பா மாடுகளோடு பேசுவதைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்குச் சண்டையில தலையில ஏதாச்சும் அடிபட்டுதுங்களா?" என்று பெரியப்பாவிடம் மெதுவாக விசாரித்தார்.

அது சித்தப்பா காதில் விழுந்துவிட்டது. ஏரை நிறுத்திவிட்டு மரியாதையாகவே சொன்னார். "அடி ஒண்ணும் படலீங்க. இந்த மாட்டுக்குச் சொன்னது ருஷ்ய பாஷைங்க. அந்த மாட்டுக்குச் சொன்னது எபிரேயமுங்க."

வந்தவர்கள் மோரைக்கூடக் குடிக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள்.

பெரியப்பா திரும்பினார். நேராக வீட்டுக்குள் போனார். பெட்டியைத் திறந்து கைக்கு முதலில் கிடைத்த புத்தகத்தை எடுத்தார். ருஷ்யப் புத்தகம். கொடிக்கால் ஓரமாக ஓடும் வாய்க்காலில் வீசிவிட்டார். சித்தப்பா ஓடிவந்து கட்டிய வேட்டியோடு குதித்தார். நல்ல தண்ணீர் ஓட்டம். புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் தள்ளிக் கரையேறினார். அப்புறம் வெயிலில் உட்கார்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களைக் குழந்தைக்குத் தலை சிக்கெடுப்பதுபோல் பிரிக்க ஆரம்பித்தார். பெரியப்பா அவர் எதிரில் போய் நின்றார்.

"இந்தச் சத்தம் இனி என்ற ஊட்டுல கேக்கக் கூடாது. புஸ்தகம் வேணுமா, ஊடு வேணுமா, சொல்லிப்போடு."

"ரெண்டும் வேணுங்ணா."

"ரெண்டும் கெடையாது."

சித்தப்பா தாள்களைப் பிரித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா அழுதாள். அப்பா கொடிக்காலுக்குள் போய்விட்டார். "சேலத்துல செவ்வாய்ப்பேட்டையில எங்கூடப் பட்டாளத்துல இருந்தவன் லாரி வெச்சிருக்கான். அங்க இருப்பனுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு, மாடுகளிடம் போய் இரண்டுக்கும் அதனதன் மொழியில் ஏதோ சொன்னார். என் தலையைத் தொட்டார். போய்விட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பெரியப்பாவிடம் அதற்குமுன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டபோது தண்ணீர்ச் செம்பு கொண்டுபோய்க் கொடுக்காமல் காது கேட்காதவள்போல் இருந்துவிட்டேன். எனக்கு அதுவே பெரிய போர்.

மறுநாள் வேலூர்ச் சந்தை. வெற்றிலைக் கட்டுகளை மண்டியில் சேர்த்தால்தான் சேலம் லாரியில் ஏறும். வெயில் ஏறிவிட்டால் இலை வாடி, ஒருவரும் சீந்தமாட்டார்கள். பெரியப்பா தாமே வண்டி பூட்டினார். நான் அடம்பிடித்துக் கட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வீட்டிலிருந்து சரிவான பாதை. தலைக்கயிற்றைச் சுண்டினதற்கே மாடுகள் தம்பாட்டுக்கு இறங்கி நடந்தன. பெரியப்பா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, உன் சித்தப்பா இல்லாமலே எல்லாம் நடக்கும் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

வாய்க்கால் பாலத்துக்கு ஏற வேண்டிய மேட்டில் மாடுகள் நின்றன.

பெரியப்பா "ஹை, ஹை" என்றார். நாக்கைச் சொடுக்கினார். வாலை முறுக்கினார். சாட்டையை ஓங்கினார். இடத்து மாடு தலையைக் குனிந்துகொண்டது. வலத்து மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது. சந்தைக்குப் போகிற கூட்டம் நின்றது. "கவுண்டரே, அதுக்கு நம்ம பேச்சுப் புரியாதுங்க" என்று யாரோ சொல்ல, பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வெயில் ஏறியது. வெற்றிலைமேல் போர்த்திய ஈரச்சாக்கு காய ஆரம்பித்தது.

பெரியப்பா முன்னால் பார்த்தபடியே, "அவன் என்னன்னு சொல்லி ஓட்டுவான்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தெரியுமுங்க."

"சொல்லு."

"நாஞ் சொல்லமாட்டனுங்க. நீங்கதாஞ் சொல்லோணும்."

என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அவர் காதருகே குனிந்து, இடத்து மாட்டுக்கான சொல்லை மட்டும் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயிலில் பொய்ச் சத்தியம் செய்கிறவர்போல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பசோலு" என்றார்.

இடத்து மாடு விசுக்கென்று கிளம்பியது. வலத்து மாடு நின்ற இடத்திலேயே நின்றது. வண்டி சுழன்று பாலத்துக்குக் குறுக்காகப் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்நேரம் பார்த்து, கரி வாயுவில் ஓடும் நாமக்கல் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து எதிரே நின்று ஊளையிட்டது. கண்டக்டர் இறங்கிவந்து கத்தினான்.

"இன்னொண்ணு என்ன? வெரசாச் சொல்லு!" என்றார் பெரியப்பா.

"சித்தப்பாவக் கூட்டியாருவீங்களா?"

பஸ் ஊளையிட்டது. கண்டக்டர் பெரியப்பாவைப் பார்த்து ஏதோ மரியாதைக் குறைவாகச் சொன்னான். பெரியப்பா அவனைக் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்தோடயா?" என்று கேட்டார்.

"புஸ்தகத்தோடதானுங்க. ரெண்டு புஸ்தகமும்."

"செரி. கூட்டியாரேன்."

சொல்லைக் கொடுத்தேன். இந்த முறை அவர் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. எழுந்து நின்று, சந்தைக் கூட்டம் முழுவதும் கேட்க, "பசோலு! கதீமா!" என்று போட்டார் ஒரு சத்தம். மாடுகள் காதை நிமிர்த்தின. வண்டியை நேராக்கி, மேட்டில் ஏறி, பாலத்தைத் தாண்டி ஓட்டமாகவே ஓடின. அவரும் மண்டி வாசல்வரை நிறுத்தாமல் கத்திக்கொண்டே வந்தார்.

வெற்றிலை லாரியில் ஏறியது. மறுநாளே பெரியப்பா சேலத்துக்குப் போனார். செவ்வாய்ப்பேட்டையில் அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாயங்கால பஸ்ஸில் பெட்டியோடு இருவரும் இறங்கினார்கள். பெட்டி பெரியப்பா தோளில் இருந்தது.

அதற்கடுத்த விடியலில் கிணற்றடிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. சித்தப்பா பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டார். வாய்க்காலில் உப்பிப்போன புத்தகத்தைப் படித்து முடித்து, பட்டணத்திலிருந்து அடுத்த புத்தகம் தருவித்தார். புள்ளி இல்லாத எபிரேயத்தைப் படிக்க அவருக்குப் பல வருஷம் பிடித்தது; அந்தப் பத்திரிகைத் தாளில் இருந்தது சோப்பு விளம்பரம் என்று தெரிந்த அன்று, வீட்டில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் ஒரு ருஷ்யாக்காரனையும் பார்க்கவில்லை. அதனால் என்ன என்று கேட்பார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று பாலத்து மேட்டில் மாடுகள் நின்றதும், பக்கத்துக் கொடிக்காலுக்காரர் தம் வண்டி மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். நல்ல உரமான ஜோடி. "இதுகளப் பூட்டிக்குங்க, வெத்தல வாடிப்போயிருமுங்க" என்றார். பெரியப்பா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வேண்டாம், ஓட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் என்னிடம் அந்தச் சொல்லைக் கேட்டார்.

அன்றைக்கு எனக்கு அது வெறும் வீம்பாகத்தான் பட்டது; தம்பியைத் திரும்ப அழைக்க அவரும் ஒரு சாக்குத் தேடியிருப்பார் என்று அந்த வயதில் தோன்றவில்லை. என்ன மனிதர் இவர், வெயிலில் இலை வாடுகிறது, கொடுக்கிற மாட்டை வாங்கத் தெரியவில்லையே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வண்டி பாலத்தைத் தாண்டி ஓடும்போது, பெரியப்பாவையே மண்டியிட வைத்துவிட்டோம் என்ற இறுமாப்பில் கட்டுகளின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, அடுத்த சொல்லுக்கு என்ன விலை கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.