மண்ணூரில் ஒரு ஸ்கோப் விசாரணை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மண்ணூரில் ஒரு ஸ்கோப்பை நான் ‘ரிஜெக்ட்’ செய்தேன். கிளப் உறுப்பினர்கள் அனைவர் முன்னிலையிலும். உரத்த குரலில்.

ஸ்கோப் என்றால் துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டித் தொலைநோக்கி. உள்ளே ஒரு கூட்டல் குறி தெரியும். அதை இலக்கின்மேல் வைத்துச் சுட வேண்டும். எங்கள் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ஏர் ரைஃபிள் கிளப் நடக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் கார் பாகங்களை அளந்தே காலம் தள்ளியவர்கள். ஆகவே கிளப்புக்கு ஒரு டீ ஃபிளாஸ்க் வாங்கினால்கூட இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. இன்ஸ்பெக்டர்? தரக் கட்டுப்பாட்டுத் துறைத் தலைவராக ஓய்வு பெற்ற நான்தான்... வேறு யார்?

ஸ்கோப்பின் சொந்தக்காரர் குணசேகரன், ஒரகடத்தில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால், பழையதைப் பாதி விலைக்குக் கிளப்புக்குத் தர முன்வந்தார். “ஒரு கொறையும் கெடையாது, நா கியாரண்டி” என்று எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். நான் வேண்டாமென்றால், கழித்த சரக்கைக் கிளப்பின் தலையில் கட்டப் பார்த்தவர் என்ற பெயர் அவருக்கு வரும். நான் சரியென்று சொல்லி, பிறகு அது பல்லிளித்தால்? என் பெயர் போகும்.

ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான் – எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. படம் ஓரத்திலும் தெளிவாக இருக்கிறதா? சுடப்போகிற தூரத்துக்கு ஃபோகஸ் வருகிறதா? கண்ணைச் சற்று நகர்த்தினால் கூட்டல் குறி இலக்கைவிட்டு ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் கூட்டல் குறி சொன்ன அளவு நகர்ந்து, திருப்பித் திருகினால் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா? இந்தக் கடைசிச் சோதனையில் தேறாத ஸ்கோப்புக்குத் தங்க முலாம் பூசினாலும் மதிப்பில்லை.

மற்றவற்றிலெல்லாம் குணாவின் ஸ்கோப் தேறிவிட்டது. கடைசிச் சோதனைக்கு நானே ரைஃபிளை ஏந்தினேன். முதலில் நடுப்புள்ளியில் சுட்டேன். பிறகு மேலே, வலப்பக்கம், கீழே, இடப்பக்கம் என்று ஒரே அளவு திருகித் திருகிச் சுட்டேன். கடைசிக் குண்டு முதல் குண்டின் இடத்திலேயே விழ வேண்டும். இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. மறுபடி முயன்றேன்... இப்போது வேறு பக்கம்.

“ரிஜெக்ட்!” என்றேன்.

குணாவின் முகம் சுருங்கிவிட்டது. “இன்னா சார், இப்டி சொல்ட்டீங்க? போன வாரம்கூட அதுலதானே சுட்டுக்கினு இருந்தேன்!”

“நான் அபிப்பிராயம் சொல்றதில்லை, குணா. நிரூபிச்சுக் காட்டறேன். ஒரு பெஞ்ச் வைஸ் கொண்டாங்க.”

எங்கள் பக்கத்தில் மிக்ஸி இல்லாத வீடு இருக்கலாம். பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் வைஸ் இல்லாத கொட்டகை கிடையாது. ஸ்கோப்பைத் தனியே கழற்றி, துணி சுற்றி, வைஸின் இரும்புத் தாடைக்குள் இறுக்கினோம். எதிர்ச் சுவரில் கட்டம் போட்ட கிராஃப் தாள். ரைஃபிள் இல்லை, குண்டு இல்லை. அதே திருகல்கள் மட்டும்.

கிளப் செயலாளர் வசந்தா கண்ணை வைத்துப் பார்த்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். எங்களில் நன்றாகச் சுடுபவர் அவர்தான். அவர் வாயும் குறி தவறாது.

“சார்... வந்துடுச்சு.”

“எங்கே?”

“கெளம்புன எடத்துக்கேதான். ஒரு மயிரிழைகூட வெலகல.”

நானும் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கூட்டல் குறி, கம்பெனி பஸ் மாதிரி, ஒவ்வொரு முறையும் அதே ஸ்டாப்பில் வந்து நின்றது.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பதற்கு எல்லாரும் மிகவும் பாடுபட்டார்கள்.

முதலில் பேசியவர் குணா. “வுடுங்க சார்... ரைஃபிள்ல இன்னாவோ லூஸா கீது போல. பழைய பீஸு, அதான்.”

யாருடைய பெயரை நான் கெடுத்தேனோ, அவரே எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்! நுழைந்திருக்கலாம்தான். ஆனால் அன்று காலை அதே ரைஃபிளில் வசந்தா சுட்ட குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேனே... அளக்கும் கருவியைக் குறை சொல்லுமுன் அளக்கும் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும் – பணிக்காலம் முழுவதும் நான் மற்றவர்களுக்கு ஓதிய விதி இது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். “ஸ்கோப் பாஸ். ரைஃபிளும் பாஸ். குணா சொன்னது அத்தனையும் சரி. தப்பு, சுட்ட கையில.”

“ஐய, இதுக்குப் போயி...” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு குணா சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது.

“நா அப்பவே பாத்தேன் சார்,” என்றார் வசந்தா. “ஸ்பிரிங் ரைஃபிளு. திருடன் கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிச்சா குதிக்கத்தான் செய்யும். லேசா தாங்கணும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தீங்க. யாரு வாயத் தொறக்கறது?”

நல்ல கருவிகளிடம் உள்ள தொல்லை இதுதான் – எதிரே இருப்பதை மட்டுமல்ல, பிடித்திருப்பவனையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டிவிடுகின்றன.

எங்கள் தொழிற்சாலைகளில் தேறிய பொருளுக்குப் பச்சை ஸ்டிக்கர்; தேறாததற்குச் சிவப்பு; திருத்தினால் தேறும் என்பதற்கு மஞ்சள். வசந்தா ஸ்கோப்பின்மேல் பச்சையை ஒட்டினார். அடுத்து, சற்றும் தயங்காமல், என் சட்டைப் பையின்மேல் மஞ்சளை ஒட்டினார்.

“வர்ற ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு பயிற்சி, சார். லேட்டா வந்தா செவப்பு!”