சனிக்கிழமைத் தேயிலை

தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர், வெள்ளைக் கோப்பை ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்ததுதான் இன்றும் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. தேயிலை ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையின் ஓரத்து அறை. மேசையில் வாரத்தின் ஒவ்வொரு நாள் தேயிலைக்கும் ஒரு கோப்பை. அவர் நகர்த்தியது சனிக்கிழமைக் கோப்பை. சனிக்கிழமைகளில் தேயிலை காயவைக்கும் அடுப்பைப் பார்ப்பவன் என் மகன். “குடிச்சுப் பாருங்க வாத்தியாரே” என்றார். என் வாயாலேயே மகனைக் காட்டிக்கொடுக்க வைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஹட்டனிலிருந்து மேலே ஏறும் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் குறைத்து, பூர்வீக ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் ருசி பார்ப்பவர்கள் எங்கள் தேயிலையில் ஏதோ புகைவாடை அடிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். புகை என்றதும் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரைக்கு அடுப்புதான் தோன்றியது. இன்னொரு தடவை வந்தால் அடுப்புக்காரனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அப்படி வெளியேற்றப்பட்டவனுக்கு வேறு தோட்டம் கிடைக்காது. இந்த மலையில் பிறந்தவன், காணாத ஊருக்குக் கப்பலேறிப் போவதா?

டீமேக்கர் நானுஓயாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதிகம் பேசமாட்டார். மாடியில் வாடப் போட்ட கொழுந்து, உருட்டிய கொழுந்து, அடுப்பிலிருந்து வந்த தேயிலை என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். ஏன் என்று யாருக்கும் சொல்லமாட்டார். என் மகனின் அடுப்பருகே மட்டும் கூடுதல் நேரம் நின்றாராம். “நல்ல மனுசன்பா” என்றான் மகன். அவன் எல்லாரையும் அப்படித்தான் சொல்வான். உருளை இயந்திரத்துக்காரர் வழியில் என்னை நிறுத்தி, “தொரைக்குக் கண்ணுதான் இருந்துச்சு. இப்ப மூக்கும் வந்துருச்சு. மகனுக்குப் பெட்டி வாங்கிட்டீங்களா வாத்தியாரே?” என்று சிரித்தார்.

அதனால்தான் கோப்பையைக் கையில் எடுத்தும் குடிக்காமல் நின்றேன். “எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க?” என்றேன்.

“இங்க இருக்கிறவங்க மூக்கு இந்த ஸ்டோருக்குப் பழகிப் போச்சுங்க. உங்க மூக்கு புதுசு.”

குடித்தேன். வாடை இருந்தது. விறகுப் புகை இல்லை. வேறெங்கோ நன்றாகத் தெரிந்த வாடை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சனிக்கிழமை காலையில் மாடியிலிருந்து எடுத்து வைத்திருந்த வாடிய கொழுந்தைக் கசக்கி என் உள்ளங்கையில் வைத்தார். அது இன்னும் அடுப்பைக் காணாத கொழுந்து. அதிலும் அதே வாடை.

“சாம்பிராணி” என்றேன், என்னை அறியாமல்.

உருளையில் ஒருவருக்குக் கை போனதிலிருந்து, ஸ்டோர் ஆட்கள் வெள்ளிக்கிழமை மாலைதோறும் கீழே ரோதமுனிக்குச் சாம்பிராணி போட்டு வந்தார்கள். இயந்திரச் சக்கரமான ரோதையில் குடியிருந்து ஆட்களைக் காப்பவர் அவர் என்பது நம்பிக்கை. அடுப்பின் சூட்டை மேலே இழுக்கும் காற்றாடி அந்தப் புகையையும் சேர்த்து மாடிக் கொழுந்துக்கு ஏற்றியது. இரவெல்லாம் வாடிய கொழுந்து சனிக்கிழமை அடுப்புக்கு வந்தது. பழி என் மகனுக்கு வந்தது.

டீமேக்கர் சாம்பிராணியை நிறுத்தப் போகிறார் என்று ஸ்டோரே கொதித்தது. “முனிய வெளிய அனுப்பிட்டு எங்க கைய யாருங்க பாத்துக்குவா?” என்று உருளைக்காரர் சண்டைக்குப் போனார். டீமேக்கர் சாம்பிராணியைத் தொடவில்லை. பூசை முடிந்து புகை அடங்கும்வரை காற்றாடியை நிறுத்தி, மாடிக் கதவை மூடி வைக்கச் சொன்னார். தொரையிடம், தவறு ஆளிடம் இல்லை, வேலை நடக்கும் முறையில்தான் என்று சொன்னாராம். மகன் சொல்லித்தான் தெரியும். நான் காதால் கேட்கவில்லை. தொரைமாரிடம் அப்படிப் பேசும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு என்ன லாபம் என்று பல நாள் யோசித்தேன்.

மறு வெள்ளிக்கிழமை மகன் வீட்டுக்குள் நுழையும்போதே, “அப்பா, காத்தாடியும் மாடிக் கதவும் இனி என் பொறுப்பு. டீமேக்கர் ஐயா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க” என்றான். அவன் அம்மா அவனுக்குப் பாயசம் வைத்தாள். எனக்கு அது இனிக்கவில்லை.

இப்போது அந்த டீமேக்கர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். கொழும்பிலிருந்து முறைப்பாடு வருவதில்லை. எங்கள் தேயிலைக்கு நல்ல பெயர். புதிதாக வந்தவர் கோப்பை வைத்துப் பார்ப்பதில்லை. கொழுந்தை முகர்வதும் இல்லை. வெள்ளிக்கிழமை மகன் கிளம்பும்போது, “கதவு ஞாபகம் இருக்கட்டும்” என்கிறேன். “எத்தன தடவப்பா சொல்லுவீங்க?” என்று சிரித்துக்கொண்டே போகிறான். முன்பு தேயிலையில் வாடை அடித்தால் யார் காரணம் என்று தேட வேண்டியிருந்தது. இனித் தேட வேண்டியதில்லை. காற்றாடியும் கதவும் யார் பொறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும்.