கள்ளிக்கு வயது கேட்ட நாள்

சப்பாத்திக் கள்ளியின் பெரிய முள்ளைப் பிடுங்கிவிடலாம். மயிர் மாதிரி இருக்கும் சின்ன முள்ளை, அம்மா ‘சுணை’ என்பாள், அது ஏறிவிட்டால் ஏறிய இடம் நாள்கணக்கில் நெருப்பாய் எரியும். எனக்கு ஏறிய இடத்தைச் சபையில் சொல்ல முடியாது. ஜங்லிகாட் மேட்டில் எங்கள் குடிசை சரிவில் இருந்தது; சேற்றில் வழுக்கினால் நேராக வேலியோரக் கள்ளியின் மேல்தான் போய் உட்காருவேன். வருஷத்தில் பாதிக்குமேல் மழை பெய்யும் ஊரில் பிறந்தும், ஒதுங்கக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் போகாத நான், நடை பழகிய நாள்முதல் தவறாமல் செய்துவந்த காரியம் அது ஒன்றுதான்.

அப்பா ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது பால்பவுடர் டின்னில் வைத்துக் கொண்டுவந்த கள்ளி அது. மெயின்லேண்டில் ஆள் உயரம் வளரும். இங்கே மழையில் பாதி அழுகிப்போகும். மீதியை, புதிதாகக் குடிசை போடுகிறவர்கள் ‘திஷ்டிக்கு’ வாசலில் கட்டவேண்டும் என்று வந்து நிற்க, அம்மா ஒடித்து ஒடித்துக் கொடுப்பாள். அதனால் அது முழங்காலைத் தாண்டவே இல்லை.

அறுபதுகளின் கடைசியில் மேட்டை அளக்கச் சர்க்கார் பட்வாரி வந்தார். வெகுகாலமாக இருப்பவர்களுக்கு இடம் சொந்தம், புதிதாக வந்தவர்கள் காலிசெய்ய வேண்டும் என்றார்கள். யாரிடமும் காகிதம் கிடையாது; வாசலில் நிற்கும் மரத்தின் வயதுதான் வீட்டின் வயது. மற்றவர்களிடம் தென்னை நின்றது. எங்கள் இடம் பாறை, வைத்த தென்னையெல்லாம் பட்டுப்போயிருந்தன. அப்பா கள்ளியைக் காட்டினார்.

பட்வாரியோடு மரக்கிடங்கு பாபு ஒருவர் வந்திருந்தார். படாக் மரத்தின் வெட்டுவாயைப் பார்த்தே வயது சொல்லும் மனிதர். “யே க்யா ஹை? கத்தாழையா?” என்று குனிந்தார்.

“சப்பாத்திக் கள்ளிங்க சாப். நான் வரும்போது கொண்டாந்தது. இந்தப் பயலுக்கு மூத்தது.”

“மூத்ததா? இத்தனூண்டு இருக்கு?”

“அம்மா, நான் சாட்சி காட்டவா?” என்று அரைக்கால் சட்டையில் கைவைத்தேன்.

“சும்மா கெடடா, இருக்குற மானமும் போயிரும்” என்று தலையில் குட்டிய அம்மா, பக்கத்து வீட்டு மாமாவிடம் திரும்பினாள். “அண்ணே, உங்க வாசல்ல தொங்குறது இதுல ஒடிச்சதுதான? நீங்களே சொல்லுங்க.”

மாமாவுக்கு எங்கள் இடத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண். தன் வாசலில் நின்றபடி, தலைக்குமேல் தொங்கியதை அண்ணாந்து பார்த்தார். “எல்லா வீட்லயுந்தான் தொங்குது. எது எங்க ஒடிச்சதுன்னு யாருக்கும்மா தெரியும்?”

“ஜக்டா மத் கரோ, சண்ட வேணாம்” என்றார் பாபு. “உள்ள பாத்தாத் தெரிஞ்சிரும்.” கத்தியை வாங்கி, கள்ளியை அடியோடு ஒரே வெட்டு. படாக்கில் தேடுவதுபோல வளையம் தேடினார். கொழகொழவென்று தண்ணீர்தான் வடிந்தது. “ரிங்கே இல்லியே! ஏக் சால், ஒரு வருசங்கூட ஆவல” என்றார். பட்வாரி தலையாட்டினார். அதோடு எங்கள் வீட்டுக்கும் வயது முடிவாகிவிட்டது. எங்களை அறுத்துப் பார்க்காமல் விட்டதே பெரிய உபகாரம்.

இடத்தைக் காலிசெய்து, பாராடாங் தீவில் ரோட்டு வேலைக்கு நாங்கள் கிளம்பிய அன்று, வெட்டுப்பட்ட துண்டுகள் சேற்றில் கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்தாள்.

“போட்ரு” என்றார் அப்பா. “வேர் விட்டுச்சுன்னா அதுக்கும் வயசு கேட்டு வருவானுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அப்பாவும் அம்மாவும் பாராடாங் மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார்கள். போன மாதம் ஜங்லிகாட் பக்கம் போனேன். சரிவே இல்லை; பாறையை வெட்டிச் சமமாக்கி ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் போட்டிருக்கிறார்கள். கள்ளி எந்த வாசலிலும் தொங்கவில்லை. ஒர்க்‌ஷாப் அந்தப் பக்கத்து வீட்டு மாமாவின் பேரனுடையது. வெறித்துப் பார்த்தபடி நின்ற என்னிடம் ஸ்பேனரோடு வந்தான்.

“என்ன தாத்தா, ஐலேண்டுக்குப் புதுசா?”

“ஆமாப்பா, இன்னிக்குக் கப்பல்லதான் வந்தேன்.”

நல்ல பிள்ளை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, டூரிஸ்ட்டுகள் பார்க்கப் போகும் ஹேவ்லாக் தீவுக்கு எங்கே படகு ஏறவேண்டும் என்று வழியும் சொல்லி அனுப்பினான்.